பின்னால் வருகிறேன் என்றவர்

சனிக்கிழமை காலை நான் கராஜில் நின்று பனியில் சறுக்கக் காலில் மாட்டும் ஸ்கீக் கட்டைகளின் அடியில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். அதற்கென்றே ஒரு பழைய இஸ்திரிப் பெட்டி வைத்திருக்கிறேன். பெட்டி சூடேறி மெழுகு உருகத் தொடங்கிய நேரத்தில் நாதன் அண்ணாவின் அழைப்பு வந்தது. அவர் சுகந்தி அக்காவின் கணவர். காலையில் என்னை அழைக்கிறவர் அக்காதான், அவர் அல்ல. அதனால் அக்காதான் அவருடைய போனில் பேசுகிறார் என்று நினைத்து, “சொல்லுங்கக்கா” என்றேன்.

“மீனா, சுகந்தி எழும்பேல்லை” என்றார் அண்ணா.

“எந்திரிக்கலைன்னா எழுப்புங்கண்ணா. நேத்து எல்லாரையும் அனுப்பிட்டுத்தானே கிளம்பினாங்க, அசதியா இருக்கும்.”

அவர் மறுபடி அதையே சொன்னார். நானும் மறுபடி, எழுப்புங்கள் என்றேன். பிறகு அவருக்குப் பின்னால் ஆம்புலன்ஸ்காரர்கள் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசும் குரல் கேட்டது. தூக்கத்தில் மூளையில் ஒரு இரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்று பின்னர் டாக்டர்கள் சொன்னார்கள். அக்காவுக்கு வலி தெரிந்திருக்காது என்று ஆறுதல் சொன்னவர்கள் மீதெல்லாம் எனக்குக் கோபம் வந்தது. இஸ்திரிப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடியதில் ஒரு கட்டையின் அடிப்பாகம் கருகிவிட்டது. அதை இன்னும் சரி செய்யவில்லை.

முப்பத்தோராம் நாளன்று வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரில் எழுதித் தரும்படி நாதன் அண்ணா கேட்டார். உங்களில் பலருக்கு அக்காவை இங்கே மெல்பனில் மல்கிரேவ் மருந்துக்கடையில் தெரியும். சிலருக்கு த பேசின் பிள்ளையார் கோயிலில் அன்னதானத்துக்குப் பரிமாறுகிறவராகத் தெரியும். எனக்கு அவரைப் பனிமலையில் தெரியும். ‘ஐம்பது வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை’ என்று உங்களில் பாதிப் பேர் பேசிக்கொண்டீர்கள். அக்கா காதில் விழாது என்று நினைத்தீர்கள். எல்லாம் விழுந்தது. வாய்விட்டுச் சிரித்தார்.

எங்களைப் பனிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது பிள்ளைகளின் பள்ளிச் சுற்றுலா. கூடப்போன அம்மாக்கள் எல்லோரும் மலையடிவாரத்து காப்பிக் கடையில் உட்கார்ந்து, கொண்டுபோன முறுக்கைப் பிரித்து, வீட்டு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது அக்கா எனக்கு அதிகப் பழக்கமில்லை. நான் திருநெல்வேலிக்காரி, அவர் வன்னியிலிருந்து அகதியாக வந்தவர். கோயிலில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான். அவர் கொஞ்ச நேரம் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். பிறகு எழுந்தார்.

“கதிரையில இருந்து தேத்தண்ணி குடிக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? ஆராவது வாறியளோ?”

யாரும் அசையவில்லை. எனக்கு வீட்டு விலைப் பேச்சில் ஏற்கெனவே எரிச்சல். அதனால் மட்டும்தான் எழுந்துபோனேன். வாடகை ஸ்கீயைக் காலில் மாட்டிக்கொண்டு நான்கு வயதுக் குழந்தைகள் கற்கிற சரிவில் அன்று நாங்கள் விழுந்த விழுகையைப் பார்த்து அந்தக் குழந்தைகளே கைகொடுத்துத் தூக்கிவிட்டன. திரும்பும் வழியில் பேருந்தில் உட்கார முடியாமல் இருவரும் நின்றுகொண்டே வந்தோம். அடுத்த வாரமும் போனோம். பிறகு எந்தக் குளிர்காலத்திலும் நாங்கள் வீட்டில் இருந்ததில்லை.

அந்தப் பைத்தியம்தான் கடைசியில் ஹெலிகாப்டர் வரை கொண்டுபோனது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரணப் பனிச்சறுக்கு மலையில் மேலே போக இழுவை நாற்காலி உண்டு, பாதை உண்டு, கீழே காப்பிக் கடை உண்டு. ஹெலிகாப்டரில் போவது வேறு. நியூசிலாந்தில் ஆள் நடமாட்டமே இல்லாத மலை உச்சியில் நம்மை இறக்கிவிட்டு அது பறந்துவிடும். சத்தம் அடங்கியதும் நம் மூச்சு நமக்கே கேட்கும். முழங்கால் வரை புதிய பனி. அதில் சறுக்கிக்கொண்டே பள்ளத்தாக்குக்கு இறங்கினால் அங்கே ஹெலிகாப்டர் காத்திருக்கும். நாங்கள் நான்கு பேர் போனோம். அக்கா, நான், பல் டாக்டர் வாணி, அவளுடைய கணவன் குமார். கூடவே டாம் என்ற நியூசிலாந்து வழிகாட்டி.

முதல் நாளே நான் மானத்தை வாங்கினேன். ஹெலிகாப்டர் என்றாலும் வண்டிதானே! மெல்பனிலிருந்து கொண்டுபோக விடமாட்டார்கள் என்று அங்கேயே கடையில் வாங்கிய இரண்டு எலுமிச்சம்பழங்களை யாரும் பார்க்காதபோது அதன் கால்களுக்கு முன்னால் வைத்தேன். விமானி பார்த்துவிட்டார். கத்திக்கொண்டே ஓடிவந்தார். இறக்கை சுற்றும்போது தரையில் எது கிடந்தாலும் காற்றில் எழும்பி எல்லோருடைய உயிருக்கும் உலை வைக்கும் என்றார். வாணியும் குமாரும் என்னைத் தெரியாதவர்கள் மாதிரி மலையைப் பார்த்தார்கள். அக்கா போய் இரண்டு பழங்களையும் எடுத்து, விமானியிடம் முகத்தில் சிரிப்பே இல்லாமல், இது எங்கள் நாட்டு வாகன இன்சூரன்ஸ் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தேசிக்காய் கீழ கிடந்தால் என்ன, மேல வந்தால் என்ன. எங்களோட வந்தாச் சரிதானே” என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தன் ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டார். மதியம் பனியில் உட்கார்ந்து சாப்பிட்டபோது அந்தப் பழத்தை வெட்டி எல்லோருடைய சூப்பிலும் பிழிந்தார். விமானி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் எங்களைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்பது எலுமிச்சம்பழத்தைத்தான்.

அன்றே இன்னொன்றும் நடந்தது. இறங்கும் முறையை டாம் சொன்னார். முதலில் அவர் போவார். பிறகு ஒவ்வொருவராகத்தான் இறங்க வேண்டும். சேர்ந்து இறங்கினால் பனி பாரம் தாங்காமல் சரியலாம். கடைசியில் இறங்குகிறவருக்குத்தான் பொறுப்பு அதிகம். அவர் மேலே நின்று எல்லோரையும் கண்ணில் வைத்திருக்க வேண்டும். யாராவது புதைந்துபோனால் மேலிருந்து வருகிறவரால்தான் சட்டென்று போய்ச் சேர முடியும். கீழே போய்விட்டவர்களால் அந்தப் பனியில் ஏறி வர முடியாது. சொல்லி முடித்ததும் அக்கா கையைத் தூக்கினார்.

“நீங்கள் போங்கோ. நான் பின்னால வாறன்.”

குமாருக்கு ரோஷம். “அக்கா, நம்மள்ல நல்லா ஓட்டுறது நான்தான். நான் கடைசியா வர்றேனே” என்றான். அது உண்மைதான். டாமும் குமாரைத்தான் நிறுத்தினார். அக்கா விட்டுக்கொடுத்தார். ஆனால் கீழே போய்ச் சேர்ந்ததும் தன் ஸ்கீயைக் கூடக் கழற்றாமல் மேலே பார்த்துக்கொண்டே நின்றார். குமார் வந்து சேர்ந்த பிறகுதான் முகத்தைத் துடைத்தார். அந்தப் பயணம் முழுக்க ஒவ்வொரு இறக்கத்திலும் அப்படித்தான் நின்றார்.

மெல்பன் திரும்பியதும் எங்களைப் பிடித்தது சனி. பனியில் போகிறவர்கள் ஆளுக்கொரு சிறிய கருவியை நெஞ்சில் கட்டிக்கொள்வோம். புதைந்தவருடைய கருவி எழுப்பும் சமிக்ஞையை மற்றவர்கள் தங்கள் கருவியை வைத்துத் தேடிப் பிடிக்கலாம். அக்கா வாடகைக்கு எடுத்த ஒரு கருவியை பிஸ்கட் டின்னில் போட்டுத் தன் வீட்டுத் தோட்டத்தில் புதைத்துவைத்து ஞாயிறுதோறும் எங்களைத் தேடச் சொன்னார். கத்தரிக்காய்ப் பாத்தியெல்லாம் நாசம். வேலிக்கு அப்பால் இருந்த கிரேக்கத் தாத்தா நாங்கள் ஏதோ புதையல் தேடுவதாக நம்பிவிட்டார். “நான் டாக்டருக்குப் படிச்சது இதுக்கா அக்கா?” என்று வாணி மண்வெட்டியை வீசிவிட்டுப் போய் வராந்தாவில் உட்கார்ந்தாள்.

“உன்னைத் தோண்டி எடுக்கிறதுக்குத்தான் நான் பழகிறன். பேசாமல் வா” என்றார் அக்கா.

அடுத்த வருடம் டாம் அவரைச் சோதித்துப் பார்த்தார். பிறகு கடைசி இடத்தை அவருக்குக் கொடுத்தார். அன்று குமார் கைதட்டினான். நல்ல பையன்.

மூன்றாவது பயணத்தில்தான் அது நடந்தது. மதியத்துக்கு மேல் மேகம் இறங்கத் தொடங்கியது. இது கடைசி இறக்கம், சீக்கிரம் வாருங்கள் என்று டாம் முன்னால் போனார். அவருக்குப் பிறகு குமார், பிறகு நான். மூன்று பேரும் கீழே பாறை ஒன்றின் அருகே நின்று வாணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் பாதி தூரம் வந்திருப்பாள். அவளுக்கு மேலே பனியில் ஒரு கோடு விழுந்தது. கோடு அகன்றது. ஒரு பாய் அளவுக்குத்தான் இருக்கும் என்று தோன்றியது, ஆனால் அது வாணியை அடித்துக்கொண்டு ஒரு பள்ளத்துக்குள் போய்விட்டது. குமார் மேலே ஓடினான். இரண்டடி வைப்பதற்குள் இடுப்பு வரை புதைந்தான். மறுபடி எழுந்தான், மறுபடி புதைந்தான். அவன் எழுப்பிய சத்தத்தை நான் மறக்கவே நினைக்கிறேன்.

மேலே அக்கா அசையாமல் நின்றார். ஏன் நிற்கிறார், ஏன் வரவில்லை என்று நான் கீழிருந்து கத்தினேன். சரிந்த பனி ஓய்ந்துவிட்டதா என்று பார்க்கிறார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிறகு ஓரமாக, தோட்டத்தில் நடந்துவருகிறவர் மாதிரி அவ்வளவு நிதானமாக இறங்கினார். கருவியைக் கையில் பிடித்து இப்படியும் அப்படியும் திரும்பினார். பள்ளத்துக்குள் இறங்கி மறைந்தார். மண்வெட்டி பனியில் இறங்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. டாம் ரேடியோவில் ஹெலிகாப்டரை நிறுத்திவைக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

வாணி கழுத்து வரை புதைந்திருந்தாள். முகம் வெளியே இருந்ததால் பிழைத்தாள். அக்கா அவளைத் தோண்டி எடுத்து, அவளுடையவை பனியோடு போய்விட்டதால் தன் ஸ்கீயில் ஒன்றை அவளுக்கு மாட்டி, இருவரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தும் சறுக்கியும் வந்து சேர்ந்தார்கள். குமார் அவர் காலில் விழுந்தான். “எழும்படா, உடுப்பெல்லாம் ஈரம்” என்றார் அக்கா. ஹெலிகாப்டரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவருடைய கைகள் பனியாய்ச் சில்லிட்டிருப்பதைப் பார்த்தேன். நான் என் கையுறைக்குள் அவற்றை வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மலை முழுவதும் மேகம். ஹெலிகாப்டர் பறக்காது என்று சொல்லிவிட்டார்கள். வாணியும் குமாரும் அறையை விட்டு வரவில்லை. சாப்பாட்டு மேசையில் நாங்கள் இருவர் மட்டும். எதற்காக அக்கா இந்தக் கடைசி இடத்துக்கு இப்படி அடம் பிடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னார்.

“எனக்குப் பதினாறு வயசு. ஷெல்லடி. இரவோட இரவா கடல்நீரேரியைத் தாண்டவேணும். ஒரே சனக்கூட்டம். தண்ணி நெஞ்சு வரைக்கும். அப்பா என்ரை கையை அம்மான்ரை கையில பிடிச்சுக் குடுத்திட்டு, நீங்கள் போங்கோ, நான் பின்னால வாறன் எண்டவர். நாங்கள் போயிட்டம். அக்கரையில விடியும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்டும் இல்லை. அவர் வரேல்லை.”

அவரே தொடர்ந்தார்.

“அப்பாவிலை பிழையில்லை. வாறதுக்குத்தான் நினைச்சிருப்பார். ஆனால் அந்த வசனத்தைச் சொல்லிப்போட்டு ஒருக்காலாவது வந்து காட்டவேணும் எண்டு எனக்கு ஒரு வெறி. நான் கீழ வந்து சேரேக்கை நீங்கள் எல்லாரும் நிண்டு மேல பாத்துக்கொண்டிருப்பியள். அப்ப, அவர் வந்து சேர்ந்த மாதிரி இருக்கும் மீனா.”

பிறகு, “உந்தத் தேத்தண்ணி ஆறிப்போச்சு, குடி” என்றார். இந்தக் கதையை அவர் மறுபடி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அண்ணாவிடமும் மகள் அபிராமியிடமும் அனுமதி கேட்டுத்தான் இங்கே எழுதுகிறேன். அதன்பிறகு நான் கவனித்தேன். மலையில் மட்டுமல்ல, எங்கேயும் அவர் கடைசியில்தான் கிளம்புவார். சிட்னி ஹரிஸ் பார்க்கில் உறவுக்காரர் வீட்டு விருந்து முடிந்து தெருவில் நாங்கள் பிரிந்தபோதும் அப்படித்தான். கோயில் கார் நிறுத்துமிடத்திலும் அப்படித்தான். எல்லோருடைய காரும் வெளியே போன பிறகுதான் தன் காரை எடுப்பார்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை மாலையும் அதேதான். ஆகஸ்ட் பயணத்துக்கு ஏற்பாடு செய்ய மல்கிரேவில் ஒரு உணவகத்தில் கூடியிருந்தோம். கொத்துரொட்டி சாப்பிட்டோம். இந்த முறை அபிராமியும் வருவதாகச் சொல்லியிருந்தாள். அதில் அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வெளியே வந்து காரில் ஏறும்போது நான் அவரை முன்னால் போகச் சொன்னேன், சும்மா சீண்டுவதற்காக.

“நீ போ மீனா, நான் பின்னால வாறன்.”

என் கண்ணாடியில் அவருடைய காரின் விளக்குகள் வந்துகொண்டே இருந்தன. என் தெரு வந்ததும் நான் திரும்பினேன். அவர் ஒரு முறை விளக்கை மினுக்கிவிட்டு நேராகப் போனார். நான் அக்காவைக் கடைசியாகப் பார்த்தது அதுதான். முகத்தைக்கூட இல்லை, இரண்டு விளக்குகளை.

இறுதிச் சடங்கன்று மண்டபத்தில் கிரியைகள் முடிந்து பெட்டியை வண்டியில் ஏற்றியதும் பெரியவர் ஒருவர் அபிராமியை நிறுத்தினார். கெட்ட மனிதர் அல்ல. வழக்கத்தைச் சொன்னார்.

“பொம்பிளையள் சுடலைக்கு வாறேல்லைப் பிள்ளை. வாசலோட நிக்கவேணும்.”

அபிராமிக்கு இருபத்தொரு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பெண். அன்று தமிழில் சொன்னாள்.

“அங்கிள், அம்மா ஒருத்தரையும் பின்னால விட்டிட்டு வந்ததில்லை. நான் எப்பிடி அவவைத் தனிய விடுறது?” பிறகு ஆங்கிலத்துக்கே திரும்பினாள். “ஐ ஆம் கோயிங் வித் ஹெர்.”

நாதன் அண்ணா போய்க் காரின் கதவைத் திறந்து மகளைப் பார்த்தார். அவள் ஏறினாள். வாணியும் நானும் எங்கள் காரில் ஏறினோம். அந்தப் பெரியவர் எங்களைத் தடுக்கவில்லை. அவரும் அழுதுகொண்டிருந்தார்.

அங்கே தகனக்கூடத்தில் பெட்டியை உள்ளே அனுப்பும் பொத்தானை அழுத்தியது அபிராமி. திரை மூடியது. திரும்பிப் பார்க்காமல் வெளியே போகச் சொன்னார்கள். எல்லோரும் ஒவ்வொருவராகப் போனார்கள். குமார் வாணியைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அக்கா இருந்தால் இந்த இடத்தில்தானே நிற்பார், எல்லோரும் போய்விட்டார்களா என்று பார்த்துக்கொண்டு. இப்போது அவர் அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கிறார், நாங்கள் எல்லோரும் அவரை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறோம். அதை என்னால் தாங்க முடியவில்லை.

கதவருகே நாதன் அண்ணா திரும்பி நின்று, “மீனா, வாங்கோ” என்றார்.

“நீங்கள் போங்கோ அண்ணா. நான் பின்னால வாறன்.”

‘வர்றேன்’ என்று மட்டுமே நாற்பத்தைந்து வருடம் சொல்லி வந்த என் வாயில் அது அக்காவின் தமிழில் வந்தது. அண்ணா ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு தலையாட்டிவிட்டுப் போனார். கடைசி ஆளும் வெளியேறும் வரை நின்றேன். அதன்பிறகு நானும் போனேன். சொன்னால் வந்து சேர வேண்டும் அல்லவா.

ஆகஸ்டில் நாங்கள் போகிறோம். அக்காவின் இடத்தில் அபிராமி. விமானிக்கு நாதன் அண்ணா தோட்டத்து எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துவிடத் துடிக்கிறார், நியூசிலாந்தில் விடமாட்டார்கள் என்றால் கேட்பதில்லை. அங்கே போய் வாங்கிக்கொள்வோம். கடைசியாக இறங்கும் இடம் எனக்கு வேண்டும் என்று டாமிடம் கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அபிராமி அந்த பிஸ்கட் டின்னை எடுத்துத் தோட்டத்தில் புதைக்கிறாள், நான் தேடுகிறேன். அக்கா என்னிடம் விட்டுப்போனது அந்த இடத்தையும் அந்த ஒரு வசனத்தையும்தான். எனக்கு அவர்தான் வேண்டும்.

அன்று சுடலையிலிருந்து கடைசியாகக் கிளம்பிய கார் என்னுடையது. வழி முழுக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். என் தெரு வந்தது. திரும்பாமல் காரை ஓரமாக நிறுத்தி, கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.